வாக்கு ஓரிடம், வேலை வேறிடம்: உலக வர்த்தகத்தில் மலையகம்

2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் நாடுவாரியான இறக்குமதித் தீர்வைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் இலங்கைப் பொருள்களுக்கு விதிக்கப்பட்டது 44 சதவீதம். இந்த எண் வந்த கணக்கு ரொம்பச் சுலபமானது. 2024இல் அமெரிக்கா இலங்கையிடம் வாங்கிய பொருள்கள் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் பெறுமதியானவை. இலங்கை அமெரிக்காவிடம் வாங்கியதோ அதில் எட்டில் ஒரு பங்குதான். வித்தியாசம் 2.6 பில்லியன். அதை நம்மிடம் வாங்கிய அந்த 3 பில்லியனால் வகுத்தால் ஏறத்தாழ 88 சதவீதம், அதில் பாதி 44. நாம் அமெரிக்கப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை வாங்குகிறோம், நம் ஆலைகளில் என்ன கூலி கொடுக்கிறோம் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஜூலையில் அது 30 ஆனது, ஓகஸ்ட் மாதம் 20 ஆனது.

அமெரிக்காவுக்கு நாம் அனுப்புவதில் பெரும்பங்கு தைத்த துணி. நம் ஆடை ஏற்றுமதியில் நூற்றுக்கு நாற்பது அங்கேதான் போகிறது. அந்தத் துணியைத் தைப்பவர்களில் பொகவந்தலாவை, மஸ்கெலியா, பசறை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் எத்தனையோ பேர். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு, கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் மெஷினுக்கு முன் உட்கார்ந்தவர்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் மூடிய கார் ஆலைக்காக எடுத்த முடிவு இவர்களின் மாதச் சம்பளத்தில் வந்து நிற்கிறது. மிச்சிகன்காரருடைய வேலை போனது உலகச் செய்தியாகிறது, தேர்தல் பேச்சாகிறது, சட்டமாகிறது. நம் தேயிலை மலையில் இருக்கிற நோர்வூட்காரப் பெண்ணின் வேலை போனால் அவள் வீட்டுக்குத்தான் தெரியும்.

இதற்குக் காரணம் இரக்கக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. வேலை போனதாலேயே அது அரசியலாகிவிடுவதில்லை. வேலை போன இடத்தில் அந்த ஆளுக்கு வாக்கு இருக்க வேண்டும், அந்த வாக்குக்குப் பெறுமதி இருக்க வேண்டும். மலையகத்தின், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரின், இருநூறு வருடக் கதையில் வேலையும் வாக்கும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்த காலம் மிகக் குறைவு.

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்த்துவிடுவோம். சுதந்திர வர்த்தகத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் கோட்பாட்டை 1817இல் டேவிட் ரிக்கார்டோ எழுதினார். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் நன்றாக வருவதைச் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் இரண்டு நாடுகளுக்கும் மொத்தத்தில் லாபம் என்பது அதன் சாரம். இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் மொத்தம் கூடும் என்றுதான் அது சொல்கிறது, ஒவ்வொருவருக்கும் கூடும் என்று சொல்லவில்லை. லாபம் பெற்றவர்களிடம் கொஞ்சம் எடுத்து நட்டப்பட்டவர்களுக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் சரிப்பட்டு வரும் என்று பொருளியலாளர்கள் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கொடுப்பது எந்த நாட்டிலும் ஒழுங்காக நடந்ததில்லை.

அமெரிக்கா அதற்கென்று 1962இல் ஒரு திட்டமே வைத்திருந்தது. இறக்குமதியால் வேலை போனவர்களுக்குப் பயிற்சியும் உதவிப்பணமும் கொடுக்கும் திட்டம் அது. மெக்சிகோ, கனடாவுடனான வர்த்தக உடன்படிக்கை 1994இல் நடைமுறைக்கு வந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் சுமார் 17 மில்லியனாக இருந்த அமெரிக்க ஆலைத் தொழிலாளர் தொகை பத்தே வருடத்தில் பதினொன்றரை மில்லியனுக்கு இறங்கிவிட்டது. எல்லாம் சீனாவால் அல்ல, மெஷினும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அடி விழுந்தது குறிப்பிட்ட சில ஊர்களில். அங்கே ஆலை மூடியதும் கடை மூடியது, வீட்டு விலை விழுந்தது. வேறு ஊருக்குப் போய்ப் பிழைப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் போகவில்லை. உதவித் திட்டமோ 2022 ஜூலையோடு புதியவர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டது.

அந்த மக்களின் கோபத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. தகப்பனும் பாட்டனும் பார்த்த வேலை கைவிட்டுப் போவது என்னவென்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஏன் இவ்வளவு பலம் வந்தது? 2016 தேர்தலில் மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கொன்சின் என்ற மூன்று மாநிலங்களையும் சேர்த்து 80,000க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ஜனாதிபதிப் பதவி தீர்மானமானது. ஆலைகள் மூடிய அதே மாநிலங்கள்தான். வேலை போனவர்கள் அங்கேயே இருந்தார்கள், அவர்களுடைய வாக்கும் அங்கேயே இருந்தது, அந்த வாக்கு இல்லாமல் யாரும் வெல்லவும் முடியாது.

மலையகத்துக்கு வருவோம். நம் கதையில் ஆள்களைத் தேடி வேலை வரவில்லை, வேலை இருந்த இடத்துக்கு ஆள்களைக் கொண்டுவந்தார்கள். பிரித்தானியர் 1820களில் கோப்பி பயிரிடத் தொடங்கியபோது, கண்டி மலைகளில் கூலிக்கு வேலை செய்ய உள்ளூர் விவசாயிகள் முன்வரவில்லை. மதராஸ் மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்தவர்களில் வழியிலேயே இறந்தவர்கள் அநேகம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடத்தில் கோப்பி இலைகளில் துரு நோய் பிடித்தது. 1880களில் கோப்பி படுத்துவிட்டது. தேயிலை எழுந்தது.

அன்றைக்கு ஒருவர் தோட்டம் மாற வேண்டுமென்றால் அவருடைய கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவர் அங்கே போகலாம். 1921இல்தான் இந்த முறை சட்டப்படி ஒழிந்தது. தேயிலை லண்டனுக்குத் தடையில்லாமல் கப்பலேறிய காலத்தில், அதைப் பறித்தவர் கடனைத் தீர்க்காமல் பக்கத்து மலைக்குப் போக முடியவில்லை. சரக்குக்குக் கிடைத்த சுதந்திரம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலையும் ரப்பரும் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே காலத்தில் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்துவிட்டிருந்தது. 1931இலிருந்து அரசியல்வாதிகள் வாக்கு கேட்டுப் போக வேண்டிய நிலை. கொழும்பில் வேலையில்லாத சிங்களத் தொழிலாளரின் மனக்குறை அரசியல் மூலதனமானது. துறைமுகத்திலும் ரயிலிலும் வேலை பார்த்த இந்தியர்கள்தான் காரணம் என்று மேடைகளில் பேசினார்கள். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளரை நிறுத்த முடிவெடுத்தார்கள். பதிலுக்கு அந்த ஓகஸ்ட் மாதம் முதலாம் திகதியிலிருந்து இலங்கைக்குத் தொழிலாளர் போவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அமெரிக்காவில் இன்று கேட்கிற ‘நம் வேலையைப் பறித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு இலங்கைக்குப் புதியதல்ல. இங்கே அது நம்மை நோக்கிப் பேசப்பட்டது.

அடுத்து வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள், தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தார்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமை போனது. 1952 தேர்தலில் மலையகத் தோட்டங்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியைத் தேடித் தந்தவர்களுக்கு நாட்டில் வாக்கு இல்லாமல் போனது.

வாக்கு இல்லாதவருடைய வேலை போனால் என்ன நடக்கும் என்பதை 1970கள் காட்டின. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெளிநாட்டுக் கம்பனிகளிடமிருந்து நிலத்தை மீட்பது நியாயமான காரியம்தான். ஆனால் மீட்ட நிலத்தில் வேலை செய்தவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எண்ணெய் விலை ஏற்றம், உணவுத் தட்டுப்பாடு, பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தது, வேலை நாள் குறைந்தது எல்லாம் ஒன்றாக வந்தன. 1974இல் தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் கிடுகிடுவென ஏறியது. பட்டினி தாங்காமல் குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 1977 மே மாதம் தொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். வேலையைக் காப்பாற்ற நடந்த போராட்டம் அது. மலையகத்தில் அவரை இன்றும் தியாகியாக நினைக்கிறார்கள். நாட்டின் பொருளாதார வரலாற்றைச் சொல்கிறவர்கள் 1977 என்றதும் ஜூலைத் தேர்தலையும் திறந்த பொருளாதாரத்தையும் சொல்வார்கள், மே மாதத்தை விட்டுவிடுவார்கள்.

அந்த ஜூலைத் தேர்தலில்தான் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராக வென்றார். அதே தேர்தலில் வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. பின்னர் பியகம, கொக்கல, சீதாவக்க, கண்டிப் பக்கம் பல்லேகல என்று பரவியது.

ஆடைத் தொழில் இங்கே வேர் விட்டதற்கு மலிவான கூலி மட்டும் காரணமல்ல. 1974இலிருந்து பணக்கார நாடுகள் ஒவ்வொரு ஏற்றுமதி நாட்டுக்கும் இவ்வளவு துணிதான் என்று கோட்டா போட்டிருந்தன. ஹொங்கொங்கிலும் கொரியாவிலும் கோட்டா முடிந்துபோன முதலாளிகள் கோட்டா மீதமிருந்த நாடுகளைத் தேடினார்கள். இலங்கை கிடைத்தது. அதாவது சுதந்திர வர்த்தகம் குறைவாக இருந்ததால்தான் சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை பெருகியது. 2005 ஜனவரி முதலாம் திகதி கோட்டா முறை முடிந்தபோது எல்லாம் சீனாவுக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். சின்ன ஆலைகள் பல மூடின, பெரியவை தாக்குப்பிடித்தன. ஐரோப்பா அதே வருடம் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதித் தீர்வைச் சலுகையைத் தந்தது, மனித உரிமைக் காரணங்களைச் சொல்லி 2010 ஓகஸ்டில் எடுத்துவிட்டது, 2017 மே மாதம் திரும்பத் தந்தது. தந்தாலும் எடுத்தாலும் முடிவு பிரசல்ஸில். ஓவர்டைம் குறைந்தது இங்கே.

வலயத்தில் வேலை போகும் விதமே வேறு. கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்புவது அபூர்வம். 2025 மே மாதம் கட்டுநாயக்கவில் பிரித்தானியக் கம்பனி ஒன்று அப்படித்தான் தன் ஆலையை மூடியது, ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலையிழந்தார்கள், அதனால் அது செய்தியானது. வழக்கமாக நடப்பது வேறு. ஓடர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் நிற்கும். அடிப்படைச் சம்பளத்தில் போர்டிங் வாடகையையும் சாப்பாட்டையும் கழித்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப முடியாது, ஓவர்டைம்தான் ஊருக்குப் போகும் காசு. அடுத்து டார்கெட் ஊக்கக் கொடுப்பனவு போகும். அதற்கும் அடுத்தபடியாக, மேன்பவர் ஏஜென்சி வழியாக நாட்கூலிக்கு வருகிறவர்களிடம் ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்பார்கள். அவர்களுக்குக் கடிதம் இல்லை, நட்டஈடு இல்லை. தொழில் முடிவுறுத்தலுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆலையின் பதிவேட்டில் பெயரே இல்லாதவர் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த நோர்வூட் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வலயத்தில் எட்டுப் பேரோடு ஒரே போர்டிங் அறையில் இருந்தாள். பலகைக் கட்டில்களுக்கு நடுவில் நடக்கிற இடத்தில்தான் சமையல். சம்பள நாளில் அவள் காசைப் பிரிக்கும் ஒழுங்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அறை வாடகையை முதலில் எடுத்து வைப்பாள், அடுத்து சீட்டுக்காசு, அப்புறம் தம்பியின் டியூசன், கடைசியாகத் தனக்கு பஸ் காசு. ஓடர் குறைந்த மாதத்தில் டியூசன் காசு நின்றது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவள் வேலையிழந்தவள் அல்ல.

தேர்தல் வந்தால் அவள் ஊருக்கு வருவாள். பதிவு தோட்டத்து முகவரியில்தான். நுவரெலியா மாவட்டப் பெட்டியில் வாக்கைப் போட்டுவிட்டு இரவு பஸ்ஸில் திரும்புவாள். அவள் வேலை செய்யும் கட்டுநாயக்க இருப்பது கம்பஹா மாவட்டத்தில். அங்கே வாக்கு கேட்கும் அரசியல்வாதிக்கு அவள் யாரோ ஒருத்தி. இங்கே வாக்கு கேட்கிறவர் தோட்டச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார், காமன்ட் எனப்படும் ஆடை ஆலைச் சம்பளத்தைப் பற்றிப் பேசத் தேவையில்லை. தண்ணீர், தெருவிளக்கு, இரவில் பாதுகாப்பாக நடப்பது என்று வலயத்துப் பெண்கள் படும் பாடெல்லாம் தீர்க்க வேண்டிய உள்ளூராட்சி சபைக்கு அவர்கள் வாக்காளர்களே அல்ல.

வலயத்துத் தொழிலாளர் ஒன்றாக நின்றபோது அரசாங்கம் பின்வாங்கியதும் உண்டு. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்கவில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளைஞர் இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. வாக்கால் முடியாததைத் தெருவில் நின்று செய்ய வேண்டியிருந்தது, அதற்கு ஓர் உயிர் போனது.

இனித் தோட்டத்தைப் பார்ப்போம். இங்கே வேலையும் வாக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. 1988, 2003 சட்டங்களோடு நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. அதன் பலனைச் சம்பள அரசியலில் காணலாம். ஆயிரம் ரூபா என்பது பல வருடம் தேர்தல் கோஷமாக இருந்து, 2021இல் சம்பளச் சபை வழியாக வந்தது. 1,700 ரூபா என்ற அறிவிப்பை அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் செய்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் அந்த வருடம் செப்டெம்பரில் வந்தது 1,350 ரூபா அடிப்படை. மிச்ச 350 ரூபா ஊக்கக் கொடுப்பனவு, அதாவது கூடுதலாகப் பறித்தால்தான். 2026 வரவு செலவுத் திட்டம் 1,750 ரூபாவை முன்மொழிந்தது, அதில் 200 ரூபா அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு. போதுமா போதாதா என்பது வேறு விஷயம். தோட்டக் கூலியை நாட்டின் ஜனாதிபதியே மேடையில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது வாக்கின் பலம்.

ஆனால் ஒரு சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்கள். மேலே நாட்சம்பளம். பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை அரைப்பேர் என்று இருக்கும்; ஒரு ‘பேர்’ என்றால் ஒரு முழுநாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து வராத நாளுக்கு அரைப்பேர்தான் விழும். கீழே கழிவுகள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், தேத்தூள், தீபாவளி முற்பணம், கடன் தவணை. நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்பதைத் தேர்தல் மேடை தீர்மானிக்கிறது. மாதத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோவுக்கு ஒரு பேர், எத்தனை ஆள் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் இருக்கலாம் என்பதைத் தோட்டத்து ஒபீஸ் தீர்மானிக்கிறது. சம்பளம் அரசியலானது, வேலை அரசியலாகவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போனபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அவற்றின் கீழ் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் இப்போது சிறுதோட்ட உரிமையாளரிடமிருந்து, பெரும்பாலும் தாழ்நிலத்துக் காணிகளிலிருந்து வருகிறது. ஒரு பெரிய ஆலையில் இவ்வளவு பேர் குறைந்திருந்தால் நாடே பேசியிருக்கும். இங்கே யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அம்மா ஓய்வு பெற்றார், மகள் பெயர் பதியவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் தோட்ட வேலைக்கு வர விரும்பவில்லை என்று கம்பனிகள் சொல்வது உண்மை. அந்தச் சம்பளத்துக்கும் அட்டைக்கடிக்கும் துரைத்தனத்துக்கும் ஏன் வர வேண்டும்? பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கென்யாவோடு போட்டி போட முடியவில்லை என்பது கம்பனிகளின் அடுத்த வாதம். அங்கே ஓர் ஆள் நாளைக்குப் பறிக்கும் கொழுந்து இங்கே பறிப்பதைவிட இரண்டு மடங்கு, நமக்கு உற்பத்திச் செலவு உலகிலேயே அதிகமானவற்றில் ஒன்று என்பார்கள். இதில் பாதி உண்மை. ஆனால் கென்யாவின் கெரிச்சோவில் தேயிலை போட்டவர்கள் யார்? இலங்கையில் தோட்டம் வைத்திருந்த பிரித்தானியக் கம்பனிகளே 1920களில் அங்கேயும் போய்த் தோட்டம் திறந்தன. மூலதனம் அப்போதே கடல் கடந்துவிட்டது. அங்கே செடி இளசு, மண் புதிது. இங்கே பல மலைகளில் இன்னமும் வெள்ளைக்காரன் காலத்து வித்துத் தேயிலை. மறுநடுகை செய்ய வேண்டிய அளவுக்குச் செய்யவில்லை. 2045 வரைக்கும்தான் குத்தகை என்றால் முப்பது வருடம் பலன் தரும் செடிக்கு யார் இப்போது செலவு செய்வார்கள்? 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்ததும் சேர்ந்துகொண்டது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 251 மில்லியனுக்கு விழுந்தது. கொழுந்து குறைந்ததற்குப் பறிப்பவளின் விரல் காரணமில்லை.

கென்யத் தொழிலாளி நம் எதிரியும் இல்லை. 2023 மே மாதம் கெரிச்சோவில் கொழுந்து பறிக்கும் மெஷின்களை மக்கள் தீ வைத்து எரித்தார்கள். ஒரு மெஷின் பல பத்துப் பேருடைய வேலையை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் ஆத்திரம். நம்மை வெல்கிறார்கள் என்று நமக்குச் சொல்லப்பட்ட கென்யர்களின் வேலையே அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2024இல் வெளிநாட்டிலிருந்து வந்த உழைப்புப் பணம் சுமார் 6.5 பில்லியன் டொலர். தேயிலை ஏற்றுமதி தந்தது 1.4 பில்லியன். ஆடை இரண்டுக்கும் இடையில். மூன்றையும் தூக்கி நிறுத்துவதில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு, மூன்றிலும் மலையகப் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் ரியாத்திலோ குவைத்திலோ ஒரு வீட்டுக்குள் வேலை செய்கிறவருக்கு அங்கேயிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் வழியில்லை. தபால்மூல வாக்கு அரச ஊழியருக்கும் தேர்தல் கடமையில் உள்ளவர்களுக்கும்தான். அவர் அனுப்பும் டொலர் நாட்டின் கணக்கில் ஏறுகிறது, அவருடைய வாக்கு ஏறுவதில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைப்பது நீலகிரியின் கதை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை நாடற்றவர்களான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தாயகம் திரும்பியோர் என்று பெயர் வாங்கிப் போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, அதுதான் இன்றைய அரசுத் தேயிலைக் கழகமான டான்டீ. கூடலூர், கோத்தகிரி, வால்பாறை மலைகளில் அவர்கள் மறுபடியும் கூடையைத் தூக்கினார்கள்.

1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு 15 மில்லியன் கிலோ இலங்கைத் தேயிலை சலுகைத் தீர்வையில் இந்தியாவுக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. அதே காலத்தில் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை படுகுழியில் விழுந்தது. சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். இலங்கைத் தேயிலை வந்து நம்மை அழிக்கிறது என்ற பேச்சு நீலகிரியிலும் கேரளத்திலும் பரவியது. இந்தியா அப்போது வருடத்துக்கு 800 மில்லியன் கிலோவுக்கும் மேல் விளைவித்தது. 15 மில்லியன் முழுதும் வந்திருந்தாலும் நூற்றுக்கு இரண்டு பங்குக்குள்தான். சோவியத் யூனியன் உடைந்து ரஷ்யச் சந்தை கைநழுவியதுதான் நீலகிரிக்கு விழுந்த பெரிய அடி. ஆனால் மொஸ்கோவைத் திட்டி யாரும் வாக்கு வாங்க முடியாது. பக்கத்து நாட்டைக் காட்டுவது எளிது.

கூடலூரில் கொழுந்து பறித்தவருக்குப் பயம் காட்டிய அந்த இலங்கைத் தேயிலையைப் பறித்தவர் யார்? தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ தங்கிவிட்ட அவருடைய அக்கா மகளாக இருக்கலாம், சித்தப்பா மகனாக இருக்கலாம். ஓர் ஒப்பந்தம் குடும்பத்தைப் பிரித்தது, அடுத்த ஒப்பந்தம் பிரிந்தவர்களைப் போட்டியாளர்களாக நிறுத்தியது. இரண்டையும் எழுதும்போது ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தபோது, தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேலைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் என்ன ஆகும் என்று தவித்தார்கள். 1977இல் டெவன் தோட்டத்தில் கேட்ட அதே கேள்வி.

வர்த்தகத்தை அடைத்துவிட்டால் தீரும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேயிலையை நாமே குடித்துத் தீர்க்க முடியாது. கட்டுநாயக்க இல்லாவிட்டால் எத்தனையோ பெண்கள் பதினெட்டு வயதில் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்காரியாகப் போயிருப்பார்கள். சந்தை திறந்திருக்கட்டும். ஆனால் ஒப்பந்தம் எழுதும் மேசையில் வேலை செய்கிறவரின் பக்கத்திலிருந்து பேச ஆள் வேண்டும். மேன்பவர் வழியாக வந்தவருக்கும் நிறுத்தும்போது நட்டஈடு வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வலயத்தில் வேலை செய்கிறவர் விரும்பினால் அங்கேயே வாக்காளராகப் பதிய வழி செய்ய வேண்டும், வெளிநாட்டில் உள்ளவருக்கும் வாக்கு வேண்டும். செக்ரோலில் ஆள் குறைவதைத் தொழில் திணைக்களம் வருடா வருடம் தோட்டவாரியாக வெளியிட வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

எட்கா எனப்படும் அடுத்த இந்திய-இலங்கைப் பொருளாதார உடன்படிக்கைக்கான பேச்சு 2023இல் மறுபடியும் தொடங்கியது. அந்தப் பேச்சு முதலில் எழுந்த 2016இல், இந்தியர் வந்து நம் வேலையை எடுத்துவிடுவார்கள் என்று அரசாங்க வைத்தியர்களின் சங்கமும் கணினித் துறையினரும் போராடினார்கள், அரசாங்கம் காது கொடுத்தது. அவர்கள் கேட்டதில் தவறில்லை, தங்கள் தொழிலைப் பற்றிக் கேட்டார்கள். தேயிலைக்கும் ஆடைக்கும் கோட்டா என்ன, இரு நாட்டிலும் கொழுந்து பறிக்கிறவருக்கு அதனால் என்ன ஆகும் என்று கேட்க மலையகத் தொழிற்சங்கங்களுக்கும் அதே உரிமை இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டுப் பாராளுமன்ற ஆசனங்கள். அவற்றில் இருக்கிற நம்மவர்கள் அடுத்த சுற்றுப் பேச்சுக்கு முன்னாலேயே கூடலூர்ச் சங்கங்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும்.